ஆறு பெட்டிகள்

இறந்தவர்களுக்குக் காலுறை மாட்டுவதைப்போலச் சள்ளை பிடித்த வேலை வேறொன்று கிடையாது. உயிருள்ள கால் கொஞ்சம் நீளும், விரலை மடக்கிக் கொடுக்கும். செத்த கால் எதற்கும் ஒத்து வராது. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரொட்டிக்கடைப் பல்மீராவின் காலோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் எனக்குச் சூடான ரொட்டி தந்தவள் இல்லை அவள். நேற்று மிஞ்சியதைத் தாளில் சுற்றித் தள்ளிவிடுவாள். "இப்பவாச்சும் கொஞ்சம் விட்டுக்குடு, பல்மீரா" என்று சொல்லிக்கொண்டே குதிகாலில் காலுறையை இழுத்துவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் வெறுங்காலோடு மேலே போவதில்லை. அந்த வழி நெடுந்தூரம், முள்ளும் கல்லும் என்பார்கள். அதனால் காலுறை, அதற்குமேல் நல்ல பூட்ஸ், கயிற்றை இறுக்கிக் கட்டியாக வேண்டும்.

ஊரில் அடக்கங்களை நடத்துகிற பெரியவர் தோன் எர்மினியோ கரோசெல்லாவின் வீட்டுப் பின்கட்டில்தான் இந்த வேலை நடக்கும். முன்கூடம் துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார. பெண்களின் உடம்பு என் பொறுப்பு, ஆண்களின் உடம்பு அவர் பொறுப்பு. இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஹாலிஸ் கரிச் சுரங்கத்தில் என் புருஷன் சபாத்தினோ செத்துப்போனபிறகு, வயிற்றில் பிள்ளையோடு நின்றவளைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தவர் அவர். பிறந்த பெண்ணுக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். எனக்கு மட்டும் என்றில்லை, இத்தாலியின் அப்ருட்சோவிலிருந்து அமெரிக்கா வந்து இந்த மலைச்சரிவில் இருக்கும் எல்லோருக்கும் அவர்தான் எல்லாம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதுவார். போலீஸ் பிடித்தால் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் இரண்டு பேரையும் திட்டிச் சேர்த்துவைப்பார். கோவில் கட்ட இடம் வாங்கியது அவர். புனித எமீதியோ சங்கத்தைத் தொடங்கியதும், எங்களில் எந்தப் பரதேசி செத்தாலும் பாண்டு வாத்தியத்தோடு, மூவர்ணப் பட்டை போட்ட உறுப்பினர்கள் பின்னால் நடக்க, ராஜா மாதிரி போக வேண்டும் என்று சட்டம் போட்டதும் அவர்தான். பச்சைக் குழந்தை செத்தால் பெட்டியைத் தன் கையிலேயே ஏந்திக்கொண்டு கல்லறை மேட்டுக்கு நடப்பார், அழுவார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிட்ஸ்பர்க்கிலிருந்து தூதர் வந்து, இத்தாலி ராஜா கொடுத்த சிலுவைப் பதக்கத்தை அவர் நெஞ்சில் குத்தப்போகிறார். ஒரு வாரமாக ஊரே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது.

பின்வாசலில் நிழல் தட்டியது. லொரேத்தோ. சபாத்தினோவின் சிநேகிதன். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். முகமெல்லாம் கரி, தொப்பி கையில். வேலை நேரத்தில் இவனுக்கு இங்கே என்ன என்று நினைத்தேன்.

"சவத்தைப் பாக்க இப்படியா வருவ? போய் மூஞ்சியக் கழுவிட்டு வா."

"பல்மீராவப் பாக்க வரல மதினி."

அவன் உள்ளே வந்து, பளிங்கு மேசையில், கிழவியின் காலுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தான். பித்தளை வில்லை. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவன் இடுப்பிலும் தொங்குமே, அது. பச்சைப் பாசி பிடித்திருந்தது. நடுவில் மட்டும் கட்டைவிரலால் தேய்த்துத் துடைத்திருந்தான். முந்நூற்றுப் பதினேழு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மூன்று எண்கள் மட்டும் தெரியும். தினமும் சாயங்காலம் என் புருஷன் கால்சட்டையை அவிழ்க்கும்போது அந்த வில்லை கட்டில் காலில் மோதி ஒலிக்கும்.

"இது எங்க கிடைச்சுது?"

"நாலாம் பாதை. போன வாரம்தான் சுவத்த உடைச்சோம். கம்பெனிக்கு அந்தப் பக்கக் கரி வேணுமாம்."

"அவரு இடுப்புல இருந்து கழண்டு விழுந்திருக்கும். அவரத்தான் வெளிய கொண்டுவந்துட்டாங்களே."

லொரேத்தோ பல்மீராவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லித் தொலைடா."

"ஆறு பேரும் அங்கதான் இருக்காங்க மதினி. புகை வராம இருக்க அவங்களே கல்லடுக்கி, சட்டையெல்லாம் கிழிச்சுச் சந்துல அடைச்சிருக்காங்க. அதுக்குப் பின்னாடி வரிசையா உக்காந்திருக்காங்க. ஒரு பலகையில கரியால எழுதியிருக்கு. வாத்தியார் மகன் பியெத்ரோ எழுத்து, எனக்குத் தெரியும்." அவன் தொப்பியை மறு கைக்கு மாற்றினான். "சனிக்கிழமை பதினெட்டு, ஆறு பேரும் இருக்கோம், தட்டிக்கிட்டே இருக்கோம்னு எழுதியிருக்கு."

வெள்ளிக்கிழமை பதினேழாம் தேதி நான் என் புருஷனைப் புதைத்தேன்.

இதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, மார்ச் மாதம். செவ்வாய்க்கிழமை காலையில் பூமி ஒரு தடவை இருமியது, பாத்திரங்கள் அலமாரியிலிருந்து விழுந்தன. நாங்கள் பெண்கள் எல்லோரும் சுரங்க வாசலுக்கு ஓடினோம். மூன்று நாள் அங்கேயே கிடந்தோம். மழை, பசி, பிள்ளைகள் மடியில். நாங்கள் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்திருந்ததால் கம்பெனிக்காரர்களால் எந்த வண்டியையும் நகர்த்த முடியவில்லை. காவலாளிகள் துப்பாக்கியை நீட்டினார்கள், அட்டீலியா தன் மார்பைத் திறந்து காட்டி "சுடுடா" என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் தோன் எர்மினியோ வந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பி கழன்றதும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. மேற்குப் பக்கச் சந்து வழியாக ஆறு பேரையும் வெளியே எடுத்தாயிற்று, என் வீட்டில் கிடத்தியிருக்கிறேன், பார்க்கிற நிலையில் இல்லை, அம்மா மாதிரி உங்களைக் கும்பிடுகிறேன், பார்க்க வேண்டாம், வந்து அழுங்கள் என்றார். நாங்கள் எழுந்தோம். எழுந்து, அவருக்குப் பின்னால் நடந்து, அந்த வாசலை விட்டு வந்தோம்.

மூடி ஆணியடித்த ஆறு பெட்டிகள். சபாத்தினோவின் கல்யாண பூட்ஸை நான் தோன் எர்மினியோ கையில் கொடுத்தேன். மாட்ட முடியுமா என்று கேட்டேன். "மாட்டியாச்சு பொண்ணு, நானே கயிறு கட்டினேன்" என்று சாயங்காலம் வந்து சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அன்றைக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தேன். மறுநாள் அடக்கம். பதினேழாம் தேதி, அதுவும் வெள்ளிக்கிழமை. எங்கள் ஆட்களுக்கு ஆகாத நாள், அன்றைக்கு முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார்கள். தோன் எர்மினியோ அந்த நாளில் யாருக்கும் அடக்கம் வைத்ததே இல்லை, அதற்குப் பிறகும் வைத்ததில்லை. சாவு வந்தால் பதினெட்டுக்குத் தள்ளிவிடுவார். அன்றைக்கு மட்டும் ஏன் என்று எவளாவது கேட்டோமா? அழுவதற்கே நேரம் சரியாக இருந்தது. கோவில் படியில் ஆறு பெட்டிகளையும் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து, இத்தாலியில் இருக்கும் தாய்மார்களுக்கு அனுப்பினோம், பாருங்கள் உங்கள் பிள்ளை எவ்வளவு மரியாதையாகப் போனான் என்று. நாங்கள் மேட்டில் மண் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் கம்பெனி நாலாம் பாதையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்தது.

"நீயும் பெட்டி தூக்கினியே லொரேத்தோ."

"தூக்கினேன்."

"என்ன இருந்துது உள்ள?"

"கல்லு. சுரங்கத்துல வெட்டிக் கொட்டுற பலகைக் கல்லு. சத்தம் வராம சாக்குல சுத்தி, வைக்கோல் அடைச்சு." அவன் அழ ஆரம்பித்தான். "எங்களுக்குப் புதன்கிழமையே அவங்க செத்துட்டாங்கன்னுதான் சொன்னாங்க மதினி. சத்தியமா. பொம்பளைங்களைச் சுட்டுருவாங்க, அதனாலதான்னு தோன் எர்மினியோ சங்கத்துல எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினாரு."

ஒரு பெட்டிக்கு ஆறு தோள். முப்பத்தாறு ஆண்கள். இரண்டு கிளாஸ் வைன் உள்ளே போனால் அப்பன் செய்த திருட்டைக்கூட உளறிக் கொட்டுகிற ஜென்மங்கள், பதினோரு வருஷம் என் முகத்தைப் பார்த்துக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு இதை மட்டும் வயிற்றுக்குள் வைத்திருந்தார்கள். லொரேத்தோ வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, என்னோடு அந்த மேட்டுக்கு வந்து பூ வைத்திருக்கிறான். கல்லுக்குப் பூ வைத்திருக்கிறான், பாவி.

"இப்ப எதுக்குடா சொல்ற? அப்படியே தின்னு முழுங்கியிருக்கலாமே."

"வியாழக்கிழமை காலையில மறுபடியும் அடைக்கப்போறாங்க. எலும்ப எடுத்தா ஊருக்குத் தெரிஞ்சிடும், வேற பக்கமா வெட்டிக்கலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. தோன் எர்மினியோவும் திங்கக்கிழமை வந்து பேசிட்டுப் போனாரு. சரின்னுட்டாரு."

திங்கள்கிழமை. நேற்று. நேற்று அவர் என் வீட்டில் உட்கார்ந்து சோம்பு பிஸ்கெட்டைக் காப்பியில் நனைத்துத் தின்றுவிட்டு, என் பெண்ணின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

லொரேத்தோவை வெளியே போகச் சொன்னேன். பல்மீராவுக்கு இன்னொரு கால் பாக்கி இருந்தது. அவளைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாது, அவள் என்ன பாவம் செய்தாள்? இரண்டாவது காலுறையையும் மாட்டி, பூட்ஸ் போட்டு, கயிற்றைக் கட்டினேன். கட்டக் கட்ட அவிழ்ந்துகொண்டே வந்தது. நாலாவது தடவைதான் நின்றது. கையைக் கழுவிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனேன்.

தோன் எர்மினியோ கண்ணாடி முன்னால் நின்று, ஞாயிற்றுக்கிழமைக்கான பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசையில் புதிதாக மை. நல்ல ஆகிருதி அவருக்கு, அறுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையவில்லை. வில்லையை அவர் எதிரே நீட்டினேன்.

பார்த்தார். வாங்கவில்லை. பேச்சு எழுதின தாளை நாலாக மடித்து உள்பையில் வைத்தார்.

"லொரேத்தோவா?"

"யாரா இருந்தா என்ன? இது நிஜமா?"

"உக்காரு பொண்ணு."

"நான் உக்கார வரல."

அவர் உட்கார்ந்தார். துக்கக்காரர்களுக்காகப் போட்டிருந்த சிவப்பு நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "புதன்கிழமை ராத்திரிக்குள்ள உள்ள இருக்கறவங்க உயிரோட இருக்க முடியாதுன்னு மேனேஜர் சொன்னான். உள்ள தீ. அடைச்சாத்தான் அணையும். அடைக்கணும்னா நீங்க எந்திரிக்கணும். வெள்ளிக்கிழமை காலையில சுடச்சொல்லி உத்தரவு, எனக்குக் காகிதத்தையே காட்டினான். நாப்பது பொம்பளைங்க, பிள்ளைங்க. நீ அஞ்சு மாசம். உங்கள அங்க இருந்து கிளப்ப வேற என்ன வழி இருந்துது சொல்லு? பெட்டியக் காட்டினாத்தானே வருவீங்க?"

"தட்டுற சத்தம் கேட்டுதா?"

அவர் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தோன் எர்மினியோ, தட்டுற சத்தம் கேட்டுதான்னு கேக்கறேன்."

"இரும்புக் குழாய் சூடு ஆறினா அப்படித்தான் சத்தம் போடும்னாங்க."

"யாரு சொன்னா? அந்த மேனேஜரா? நீங்க நம்பினீங்களா?"

வாசலில் யாரோ ஏணியில் ஏறிக் கொடி கட்டிக்கொண்டு, பாடிக்கொண்டிருந்தான்.

"நம்பணும்னு நெனச்சேன்" என்றார்.

அந்த ஆளை அடித்திருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறொன்று. "பூட்ஸ் மாட்டினேன்னு சொன்னீங்களே."

"பெட்டிக்குள்ளதான் இருக்கு. கயித்தக் கட்டித்தான் வெச்சேன். அதுல பொய் சொல்லல, நிக்கோலினா."

கால் இல்லாத பூட்ஸுக்குக் கயிறு கட்டிவிட்டு, அதில் பொய் சொல்லவில்லையாம்! பதினோரு வருஷம் நான் இவர் கையில் தினமும் முத்தம் கொடுத்திருக்கிறேன். என் பெண்ணையும் முத்தம் கொடுக்கச் சொன்ன கை. நான் அங்கேயே, அந்தப் பளபளக்கிற தரையில் துப்பினேன். பிறகு எனக்கு வேண்டியதைச் சொன்னேன். சபாத்தினோவை வெளியே எடுக்க வேண்டும். நானே கழுவி, நானே உடுத்தி, என் கையால் பூட்ஸ் மாட்டுவேன். வேறெதுவும் வேண்டாம்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்ற ஆட்டல். "ஆறு எலும்புக்கூடு வெளிய வந்தா ஆறு குழியத் திறக்கணும். திறந்தா என்ன வரும்னு உனக்கே தெரியும். சங்கம் ஒரே நாள்ல உடைஞ்சு போகும். நம்மள ஏற்கெனவே கத்திக்குத்துக் கூட்டம்னு சொல்றான் அமெரிக்காக்காரன், இனிமே கல்லப் புதைக்கிற கூட்டம்னு சிரிப்பான். அம்மாமாருங்க அங்க போட்டோவ வெச்சுக் கும்பிடறாங்க. அவங்களுக்கு என்ன எழுதுவ? ஞாயித்துக்கிழமை முடியட்டும். சுரங்க வாசல்ல ஒரு பெரிய பூசை வெக்கிறேன், ஆறு பேருக்கும் சிலுவை நடறேன்."

"ஞாயித்துக்கிழமைக்கு முந்தி வியாழக்கிழமை வருதே."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் அழுவதை நான் நூறு அடக்கத்தில் பார்த்திருக்கிறேன். எது நிஜ அழுகை, எது தொழில் அழுகை என்று இனிமேல் எப்படிப் பிரிப்பது?

ஆறு விதவைகளில் இரண்டு பேர் இத்தாலிக்கே திரும்பிவிட்டார்கள். ஒருத்தி மகனோடு டெட்ராய்ட் போய்விட்டாள். ஒருத்திக்கு நான்தான் போன வருஷம் காலுறை மாட்டினேன். மிச்சம் நானும் அட்டீலியாவும். அட்டீலியா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு மூன்று பிள்ளை பெற்றிருந்தாள். புதன்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் தக்காளிச் சாறு காய்ச்சிக்கொண்டிருந்தாள், முழங்கைவரை சிவப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியை நிறுத்தாமல் கேட்டாள். மார்பைத் திறந்து "சுடுடா" என்றவள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"என் இப்பத்த புருஷன் பெட்டி தூக்கினவன்தானே. கட்டிக்கறதுக்கு முந்தியே சொல்லிட்டான்."

"எட்டு வருஷமா என் பக்கத்துல முட்டி போட்டு ஜெபமாலை சொன்னியேடி! என்கிட்டச் சொல்ல வாய் வரலியா?"

"சொல்லி? உனக்காவது அழ ஒரு மேடு இருக்கட்டும்னு விட்டேன். எனக்கும் ஒரு மேடு வேணும். உள்ள யார் இருந்தா என்ன?" அப்போதுதான் கரண்டியை வைத்தாள். "சனிக்கிழமை உயிரோட இருந்தான்னு எதுக்குச் சொன்ன? அது எனக்குத் தெரியாது. அத எதுக்குடி எங்கிட்டச் சொன்ன? போ. என் வீட்ட விட்டுப் போ."

தெருவில் நடந்து வரும்போது ஆண்கள் எனக்கு வழிவிட்டார்கள். லொரேத்தோ உளறியிருந்தான் போலிருக்கிறது. ஒருவனும் கண்ணைப் பார்க்கவில்லை. சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, கொடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு. பாதிரியாரிடம் போனேன். ஞாயிறு முடிந்து பேசலாம் மகளே என்றார். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை முடிய வேண்டும். நான் ஒருத்தி, என்னால் என்ன செய்ய முடியும் என்று அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். அப்புறம்தான் தோன்றியது, ஒருத்தியே போதும் என்று.

எங்கள் ஆட்கள், போலந்துக்காரன், வெல்ஷ்காரன், எல்லோருக்கும் சாமி வேறு வேறாக இருக்கும், ஆனால் ஒரு பயம் மட்டும் ஒன்று. பெண் காலடி பட்ட சுரங்கம் பலி கேட்கும். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து அழலாம், உள்ளே ஒரு அடி வைக்கக் கூடாது. மேனேஜர் பெண்டாட்டி ஒரு தடவை வேடிக்கை பார்க்க உள்ளே எட்டு வைத்ததற்கு இருநூறு பேர் கருவியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்து, இரண்டு நாள் கழித்துத்தான் இறங்கினார்கள். அந்த மார்ச் மாதம் நாங்கள் நாற்பது பேரும் மூன்று நாள் வாசலிலேயே கிடந்தோமே தவிர, ஒருத்திகூட உள்ளே போகவில்லை. நாம் போகக் கூடாது, போனால் அவர்களுக்கு ஆகாது என்று வெளியிலேயே நின்றோம். இதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் நெஞ்சு வேகிறது. தட்டிக்கொண்டே இருந்தார்களாம். உள்ளே பத்து அடி போயிருந்தால் எங்களுக்கே கேட்டிருக்கும்.

வியாழக்கிழமை நன்றாக விடிந்திருந்தது. காலை முறை ஆட்கள் வாசலுக்கு வரும்போது நான் முதல் உத்தரத்தைத் தாண்டி, பத்து அடி உள்ளே, தண்டவாளத்தின் நடுவில் நின்றிருந்தேன். கறுப்பு உடுப்பு, தலையில் கறுப்புத் துணி. முன்னால் வந்தவன் விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இயேசுவே" என்று பின்வாங்கினான். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். செங்கல் ஏற்றிய வண்டி நின்றது. சுவர் கட்ட வந்த இரண்டு கொத்தனார்களும் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். காவலாளி என் கையைப் பிடித்து இழுக்க ஓர் எட்டு வைத்தான். நானும் உள்பக்கமாக ஓர் எட்டு வைத்தேன். "தொடாதடா, இன்னும் உள்ள போயிடுவா" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினான். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

மேனேஜர் வந்து கத்தினார். எனக்கு அந்தப் பாஷை புரியவில்லை, புரியவும் வேண்டாம். அரை மணி கழித்து, எதிர்பார்த்தபடியே, தோன் எர்மினியோவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்களைச் சுரங்க வாசலிலிருந்து கிளப்புவதில் அவருக்குப் பழக்கம் உண்டே.

கறுப்புக் கோட்டு, வெள்ளைக் காலர். கூட்டம் விலகி வழிவிட்டது. வாசலுக்கு இரண்டடி தள்ளி நின்று, தணிந்த குரலில், "நிக்கோலினா, வெளிய வா பொண்ணு. எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"பாக்கட்டும். பாக்கத்தான் நிக்கறேன்."

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம். என் பேச்ச நம்பு."

"உன் பேச்ச நம்பித்தான் ஒரு தடவ எந்திரிச்சு வந்தேன்." அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "இங்க நிக்கறவனுங்கள்ல பாதிப்பேர் அந்தப் பெட்டியத் தூக்கினவனுங்க. அவனுங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே யாருகிட்ட ஒளிக்கற? உன் வாயால சொல்லு. என் புருஷன் பேரு எழுதின பெட்டிக்குள்ள என்ன வெச்ச?"

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் அவர் முகத்தைப் பார்த்தே எங்கே உட்காருவது, எப்போது எழுவது, எப்போது அழுவது என்று தெரிந்துகொண்ட ஆட்கள். இப்போது அவருக்கு உதவ ஒரு முகமும் இல்லை. லொரேத்தோ முன்வரிசையில்தான் நின்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர்களுக்காகத்தான் அவர் அந்தப் பொய்யைச் சுமந்தார், அவர்களும் அவரைக் கைவிட்டார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர இரக்கம் வரவில்லை.

"கல்லு" என்றார் தோன் எர்மினியோ.

காது கேட்காதவனுக்குச் சொல்வதுபோல இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். "கல்லு வெச்சேன்."

முன்வரிசையில் தொப்பிகள் கழன்றன. அப்புறம் பின்வரிசையிலும். "என்ன சொல்றாரு? என்ன சொல்றாரு?" என்று மேனேஜர் ஒவ்வொருவன் தோளாகப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவனும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

தோன் எர்மினியோ பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து விளக்கை வாங்கினார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தச் சுரங்கத்தில் செத்தவர்களை எத்தனையோ பேரைப் புதைத்திருக்கிறார், ஒரு நாளும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. லொரேத்தோ வந்து திரியைத் தூண்டிக் கொடுத்தான்.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றார் என்னிடம். "நாலாம் பாதைதானே. நீ வெளிய போய் நில்லு."

நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் குனிந்து, உத்தரத்தில் தலை இடித்து, என்னைத் தாண்டி நடந்தார். கோட்டின் வாசம் என்மேல் பட்டுக்கொண்டு போனது, கற்பூர எண்ணெயும் சவரச் சோப்பும். நாலு அடி, பத்து அடி. உள்ளே போய் என்ன செய்வாரோ, யாரிடம் பேசுவாரோ, வந்து என்ன சொல்வாரோ. வெளியே நின்று நம்புகிற வேலையை நான் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன்.

பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். வாசலில் யாரோ என் பேரைச் சொல்லி அலறினார்கள். அட்டீலியா குரல் மாதிரி இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது, ஐஸ் மாதிரி. மேலிருந்து சொட்டியது. முன்னால் வெள்ளைக் காலர் மட்டும் ஆடிக்கொண்டே போனது, அப்புறம் ஒரு திருப்பத்தில் அதுவும் மறைந்து இருட்டாகிவிட்டது. எனக்கு வழி தெரியாது. கையை நீட்டினேன், ஈரச் சுவர்.

"அங்கயே நில்லு" என்று கத்தினேன்.

இருட்டுக்குள் அவர் காலடிச் சத்தம் நின்றது. அப்புறம் மெல்ல, திருப்பத்தின் விளிம்பில், விளக்கு வெளிச்சம் பின்னோக்கி வந்து சுவரில் விழுந்தது.